ஆட்டுக்கல் மேடமும் மூன்றாம் எண்ணும்

மேலதிகாரிக்குப் பட்டப்பெயர் வைக்காத அரசு ஊழியர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. சம்பளம், பஞ்சப்படி, பட்டப்பெயர் மூன்றும் சேர்ந்ததுதான் உத்தியோகம். அந்தப் பெயரை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வருகிறவர்கள் நிம்மதியாக ஓய்வு பெறுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் காதில் போடுகிறவர்கள் என்னைப் போல உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு எனக்குக் கொல்லிமலைக்கு மாறுதல் வந்தது. செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். (மேடம் இன்னும் பணியில்தான் இருக்கிறார்.) வீடு நாமக்கல்லில். என் வீட்டுக்காரருக்கு லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் மேற்பார்வை வேலை. ஒரே மகள், பெயர் நிவேதா, வீட்டில் பாப்பு. அப்போது நான்காம் வகுப்பு.

தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மலைப்பாதையின் வளைவுகள் என் குடலை ஒவ்வொரு நாளும் கழுவி அலசிப் பிழிந்து அனுப்பின. முதல் வாரத்திலேயே நடத்துநர் என்னைப் பார்த்ததும் டிக்கெட்டோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து நீட்ட ஆரம்பித்தார். கடைசியில் செம்மேட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவேன். நடுவில் இருக்கும் நாட்களில் பாப்பு என்கிற குழந்தை எனக்கு ஒரு குரலாக மட்டும்தான் இருந்தாள்.

அந்தக் குரலை எதன் வழியாகக் கேட்பது என்பதில்தான் வீட்டில் சண்டை.

"ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்துரலாம். வீடியோவுல மொகம் பாத்துப் பேசுவா. உனக்கும் நிம்மதி" என்றார் வீட்டுக்காரர்.

நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. எதிர்வீட்டுப் பையன் போனில் கார் ஓட்டிக்கொண்டே இட்லிக்குப் பதில் கைக்குட்டையைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு, மலையில் பெண்கள் கூட்டம் எங்கே நடந்தாலும் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்போன் கொடுக்காதீர்கள் என்று நானாகவே எழுந்து பேசுவேன். (யாரும் கேட்டதில்லை. மரவள்ளிக்கு மானியம் எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.) இவ்வளவும் பேசிவிட்டு என் வீட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தால் எந்த முகத்தோடு அடுத்த கூட்டத்துக்குப் போவது?

பீரோவில் என்னுடைய பழைய பட்டன் போன் ஒன்று கிடந்தது. மலைக்கு வந்த புதிதில் அதைத்தான் வைத்திருந்தேன். வயலில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்ன பிறகுதான் நான் பெரிய போனுக்கு மாறினேன். பட்டன் போனில் புது சிம் போட்டு, எண்களைப் பதிந்து பாப்புவிடம் கொடுத்தேன்.

"ரெண்டை அழுத்திப் புடிச்சா அம்மா. மூணை அழுத்திப் புடிச்சா அப்பா. நாலு கீழ்வீட்டு சரசக்கா. ஸ்கூல் விட்டு வந்ததும் மொதல்ல எனக்குப் பண்ணு. நான் கெடைக்கலைன்னா அப்பாவுக்குப் பண்ணு. தெரியாதவங்க யார் கேட்டாலும் உன் பேரு, என் பேரு, அப்பா பேரு எதையும் சொல்லக்கூடாது."

பாப்பு தலையாட்டினாள். இரண்டை அழுத்திப் பார்த்தோம், என் கையிலிருந்த போன் அடித்தது. எல்லாம் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

எண்ணைப் பதிந்தபோது ஒரு சிறிய விஷயம் நடந்தது. மூன்றாம் எண்ணில் அப்பாவைப் போடும்போது அந்தப் போன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. கண்ணாடி கையில் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போன் கேள்வி கேட்டால் 'இல்லை' என்று சொல்வதுதான் பாதுகாப்பு என்பது என் கொள்கை. இல்லை என்றே அழுத்தினேன். இதில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது, மாற்றட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. ஏற்கெனவே இருந்தது எங்கள் மேடத்தின் எண். மலைக்கு வந்த புதிதில், அவர் கூப்பிட்டு நான் உடனே திரும்பக் கூப்பிடாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் நானே போட்டு வைத்தது.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், ஈரோட்டுப் பக்கம். மலையில் தனியாகக் குவார்ட்டர்ஸில் இருந்தார். சத்தம் போட மாட்டார். கோப்பை மேஜையில் வைத்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆள் ஆளாக அரைத்துவிடுவார் என்பதால் நான் அவருக்கு 'ஆட்டுக்கல்' என்று பெயர் வைத்தேன். பெயர் பிடித்துக்கொண்டது. என் பக்கத்து மேஜை டேவிட் சார் (தூத்துக்குடிக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், பொய் சொல்ல அஞ்சுகிறவர்) கூட "கல்லு வந்துட்டுதா?" என்றுதான் கேட்பார்.

நாமக்கல்லுக்கே திரும்ப மாறுதல் கேட்டு நான் எழுதிய மனு அந்த மேடத்தின் மேஜையில்தான் இருந்தது. அவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் கீழே போகும். இரண்டு மாதமாகப் போகவில்லை.

பாப்புவோடு பேசுவது எப்படி நடந்தது என்றால், மோசமாக நடந்தது.

ஏழு மணிக்கு அறைக்கு வந்து கை கால் கழுவிவிட்டுக் கூப்பிடுவேன். பகல் முழுவதும் அந்த நேரத்துக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருப்பேன். குரலைக் கேட்டதும் எனக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். "சாப்ட்டியா?" "ம்." "என்ன சாப்ட்டே?" "தோசை." "டிரெஸ் மாத்துனியா?" "ம்." "ஹோம்வொர்க்?" "முடிச்சுட்டேன்." "கேட்டைப் பூட்டுனியா?" "ம்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். "சரி, வச்சிரட்டுமா?" என்பாள். வைத்த பிறகு நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு 'ம்'மை எத்தனை நேரம்தான் நினைத்துப் பார்ப்பது?

வாழவந்தி நாட்டுப் பக்கம் (மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்) போகும் நாட்களில் சாயங்காலம் சிக்னல் இருக்காது. அங்கே பெருமாயி அக்கா என்று ஒருவர், தினையும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவர் காட்டுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். ஊரார் அதை டவர் பாறை என்பார்கள். மகனிடம் பேசப் பெருமாயி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு மாதிரி ஏறிவிடுவார். நான் பூனை மாதிரி நான்கு காலில் ஏறுவேன்.

ஒருநாள் அப்படி ஏறி, ஐந்து மணி வாக்கில் பாப்புவைக் கூப்பிட்டேன். பிஸி என்றது. திரும்பத் திரும்பப் போட்டேன். பிஸி. பாறையில் உட்கார்ந்து கால் மரத்துப் போகும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எடுக்கலீங்களா?" என்று கீழே இருந்து கேட்டார் பெருமாயி அக்கா.

"யார்கூடவோ பேசிட்டிருக்காங்கக்கா."

"பேசட்டும் உடுங்க. எம்பட பையன் எடுத்தா, சொல்லும்மா சொல்லும்மாங்கறான். நான் என்னத்தச் சொல்லறது? ஆடு குட்டி போட்டுச்சும்பேன். சரிம்மாம்பான். வச்சுருவான்."

அன்றிரவு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அஞ்சு மணிக்கு நீங்களா பேசிட்டிருந்தீங்க?"

"எனக்கு அவ போன் பண்ணுனதே இல்லை. உன்கிட்டத்தான் பேசறான்னு நெனச்சுட்டிருந்தேன். அக்கா நல்லா பேசறாங்க, அக்கா சிரிச்சாங்கன்னு சொல்லிட்டிருந்தா. சரசக்காவா இருக்கும்."

"கீழ்வீட்டுல இருக்கறவங்ககிட்டப் போன்ல பேசுவாளா?"

"புதுப் போனு. சும்மா அழுத்திப் பாப்பா. விடு."

விட்டுவிட்டேன். ஆனாலும் சரசக்காவிடம் அரை மணி நேரம் சிரித்துப் பேசுகிறவளுக்கு என்னிடம் ஒரு 'ம்'தானா என்ற கேள்வி போகவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போனபோது சரசக்காவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அவர் எனக்கு முறுக்குச் சுட்டு வைத்திருந்தார். முறுக்கை வாங்கிக்கொண்டுதான் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

அதே சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. மாலை ஐந்து மணி வாக்கில் மேடத்தின் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டபோது டேவிட் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுமதி, இது யாரு சிரிக்கது?"

"மேடம்தான் சார்."

"கல்லா? சிரிக்குதா?"

அலுவலகம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சிக்குத் தலைமை நான். மேடம் வேறு பெரிய பதவிக்குப் போகப்போகிறார், அதைச் சொல்லும் போன்தான் அது என்று முதலில் ஒரு செய்தி விட்டேன். பிறகு நிலம் வாங்கியிருக்கிறார் என்று மாற்றினேன். நான் அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் ஐந்து மணிக்குப் பாப்பு என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள். வந்துட்டேன், சாப்ட்டேன் என்று இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். அடுத்த நிமிடம் மேடத்தின் அறையில் சிரிப்புக் கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்திருந்தால் இந்த அவமானமே நேர்ந்திருக்காது.

பலாப்பழக் காலம் வந்தது. மாதாந்திர ஆய்வுக் கூட்டம் ஒருநாள் மதியத்துக்கு மேல் ஆரம்பித்து ஐந்து மணியைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. கூட்டத்துக்காக என் போனை அணைத்துப் பையில் போட்டிருந்தேன். என் முறை வந்ததும் மேடம் என் அறிக்கையை வாசித்துவிட்டு, அந்தப் பார்வையைப் பார்த்தார். அரைபடத் தயாரானேன். நல்லவேளையாக, பைல் நாட்டு விவசாயி ஒருவர் அப்போது பெரிய பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டு மரத்தில் காய்த்ததாம். அங்கேயே மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார். மேடமும் சுளை எடுத்தார். கூட்டம் கொஞ்சம் மனிதத்தன்மை அடைந்தது.

அப்போது மேடத்தின் போன் அடித்தது.

மேடத்தின் விரலெல்லாம் பலாப் பிசின். போனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்று நடந்தது. நெற்றியிலிருந்த கோடுகள் எங்கேயோ போய்விட்டன. "டேவிட், அதை அழுத்தி ஸ்பீக்கர்ல போடுங்க. எடுக்கலைன்னா அந்தப் புள்ளை காத்துட்டே இருக்கும்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "ராங் நம்பர்ல பழக்கமான புள்ளைங்க. ரெண்டே நிமிசம்" என்றார்.

டேவிட் சார் அழுத்தினார்.

"அக்கா, நான்தாங்க."

என் கையிலிருந்த சுளை பாதி வழியில் நின்றது. உலகத்தில் குழந்தைகளின் குரல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சொல்லு சாமி. நாங்க இங்க பலாப்பழம் தின்னுட்டு இருக்கறோம்."

"எங்கம்மாவும் எடுத்துட்டு வருவாங்க. போன வாரம் எடுத்துட்டு வரலை. ஆட்டுக்கல்லு லேட்டாத்தான் விட்டுச்சாம். பஸ் போயிருச்சு."

டேவிட் சாருக்கு இருமல் வந்தது. மற்ற மேஜைக்காரர்கள் அனைவரும் பலாப்பழத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர்களைப் போல அதையே பார்த்தார்கள்.

"ஆட்டுக்கல்லா? அதாரு கண்ணு?"

"எங்கம்மாவோட பெரிய ஆபீசருங்க. ஒக்காந்த எடத்துல இருந்தே எல்லாரையும் அரைச்சுருவாங்களாம். அம்மாதான் பேரு வெச்சாங்க."

மேடம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிசினாக இருந்த கையை வைத்துக்கொண்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்தார். "கேட்டீங்களா? நம்மளையும் யாராவது இப்படித்தான் ஒரு பேரு வெச்சுக் கூப்பிட்டுட்டு இருப்பாங்க" என்றார் எங்களிடம்.

பலாப்பழம் கொண்டுவந்த விவசாயி மட்டும் "இருக்குமுங்க" என்றார்.

"உங்கம்மாவுக்கு எந்த ஆபீசு கண்ணு?"

"ஆபீஸ் தெரியாதுங்க. பேரு சொல்லக்கூடாது. ஊரு சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லலை. கொல்லிமலை."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்தால் எழுவது போல எழுந்தேன். வாயிலிருந்து தானாக வந்தது, "பாப்பு."

போனிலிருந்து "அம்மா?" என்றாள்.

மேடம் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. கதவுப் பக்கமாக ஓடிவிடலாமா என்று யோசித்தேன். வழியில் விவசாயி உட்கார்ந்திருந்தார்.

"பேசுங்க. உங்க புள்ளைதானே" என்றார் மேடம்.

நான் மேஜைமேல் குனிந்தேன். "பாப்பு, நீ எப்படி..."

என் குரலைக் கேட்டதுமே அவள் குரல் மாறியது. அத்தனை பேர் முன்னால், ஸ்பீக்கரில், என் மகள் ஒப்பித்தாள். "சாப்ட்டேன்மா. டிரெஸ் மாத்திட்டேன். ஹோம்வொர்க் எழுதிட்டேன். கேட்டைப் பூட்டிட்டேன்."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பிறகு அவள் சொன்னாள். "அம்மா, அந்த அக்காகிட்டக் குடேன். பூனைக்குட்டி கதை பாதியில நிக்குது."

"எந்தப் பூனைக்குட்டி?"

"நம்ம மொட்டைமாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால பூனை குட்டி போட்டிருக்குதுல்ல. அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

என் வீட்டு மாடியில் பூனை குட்டி போட்டது என் அதிகாரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பட்டப்பெயர் வெளியானதில் போன மானம் எனக்கு அந்த நிமிடத்தில் மறந்தே போனது. விலகி நின்றேன். மேடம் போன் பக்கம் குனிந்து, "கண்ணு, அப்புறமா பேசலாம். நான் கூட்டத்துல இருக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் முடிந்தது. அனைவரும் அவ்வளவு வேகமாகக் கலைந்து நான் பார்த்ததில்லை. "சுமதி, நீங்க இருங்க" என்றார் மேடம். டேவிட் சார் போகிற போக்கில் எனக்காக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

மேடம் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நான் மனதுக்குள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 'ஆட்டுக்கல் என்பது உழைப்பின் அடையாளம்' என்று ஒரு வரி தோன்றியது.

"மொத நாள் அப்பா இருக்காங்களான்னு கேட்டுச்சு" என்றார். "ராங் நம்பருன்னு சொன்னேன். வெச்சுருமுன்னு பாத்தா, 'அப்பா வர்ற வரைக்கும் நீங்க பேசறீங்களா, வீட்ல யாரும் இல்லை'ன்னுச்சு. எனக்கு வெக்க மனசு வரலை. பேரு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுச்சு. சரி, கேக்கறதில்லைன்னு வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டாம் நாளும் வந்துச்சு. அப்புறம் அஞ்சு மணி ஆனா நானே போனைப் பாத்துட்டு ஒக்கார ஆரம்பிச்சுட்டேன்."

"மன்னிச்சுருங்க மேடம்."

"எதுக்கு? பேருக்கா?" மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "எம் பையன் ஒருத்தன் இருக்கறான், காலேஜ்ல. பெரிய போனு வாங்கிக் குடுத்தேன். நான் என்ன எழுதினாலும் ஒரு கட்டைவெரல் படம் அனுப்புவான். நல்லா இருக்கறியான்னு கேட்டா, கட்டைவெரல். காய்ச்சல் எப்படி இருக்குதுன்னு கேட்டாலும் கட்டைவெரல்." அந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நான் அடக்கிக்கொண்டேன்.

பிறகு மேஜை டிராயரை இழுத்து என் மாறுதல் மனுவை எடுத்தார். "களத்துக்குப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான். அதான் உடாம வெச்சிருந்தேன். அந்தப் புள்ளையோட அம்மான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே அனுப்பிருப்பேன்." கையெழுத்துப் போட்டார்.

நான் நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் போனேன்.

"சுமதி."

"மேடம்?"

"அந்த மூணாம் நம்பரை மாத்திருவீங்களா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. கோப்பு கேட்கிற குரல் இல்லை. தரமாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்கிற குரல்.

"இருக்கட்டுங்க மேடம். அவங்க அப்பாவை அஞ்சுல போட்டுக்கறோம்" என்றேன்.

அன்று ஏழு மணிக்குப் பாப்புவைக் கூப்பிட்டேன். 'சாப்ட்டியா'வைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்தினேன். அதை நிறுத்தியதும் அதன் பின்னால் வரிசையில் நின்றவையும் நின்றுவிட்டன. எனக்குக் கேட்க வேறு எதுவுமே இல்லை.

"ஏம்மா ஒண்ணும் கேக்க மாட்டேங்கறே?" என்றாள்.

"அந்த அக்காகிட்டப் பேசறதை ஏன் சொல்லவே இல்லை?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

வெளியே செம்மேட்டுப் பனி இறங்கி ஜன்னல் கம்பி ஈரமாக இருந்தது. அதை விரலால் துடைத்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "அதுல ஒரு குட்டி மட்டும் வெள்ளைம்மா" என்று ஆரம்பித்தாள்.

மாறுதல் உடனே வந்துவிடவில்லை. அது அரசாங்கத்தின் நடையில் நடந்து, அடுத்த வருடம் வந்து சேர்ந்தது. அதுவரை ஐந்து மணிக்கு மேடம், ஏழு மணிக்கு நான். சில நாட்கள் ஏழு மணிக்கு எனக்குக் கிடைப்பது பழைய செய்தியாக இருக்கும். "இதை அக்காகிட்டச் சொல்லிட்டேனே, உனக்கும் சொல்லணுமா?" என்பாள். சொல்லு என்று கெஞ்சுவேன். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் டேவிட் சார் கூட நம்ப மாட்டார்.

நான் நாமக்கல் வந்து சேர்ந்த சில மாதங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் மிளகு, ஒரு சீப்பு மலைவாழைப்பழம். பாப்புவைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். அவளும் காலையிலிருந்து நான்கு கவுன் மாற்றியிருந்தாள்.

மேடம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பாப்பு வந்து நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ன கண்ணு, எப்படி இருக்கற?" என்றார் மேடம்.

"ம்" என்றாள் பாப்பு.

"நல்லாப் படிக்கறயா?"

"ம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஓயாமல் பேசிய இரண்டு பேர், நேரில் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். பாப்பு என் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் முன்னால் தள்ளினால் இன்னும் பின்னால் போனாள். மேடம் வாழைப்பழத்தை நகர்த்தி வைத்தார், மறுபடி நகர்த்தி வைத்தார். வீட்டுக்காரர் நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று லாரிக் கூண்டுக்கு எந்த மரம் நல்லது என்று விளக்க ஆரம்பித்தார். மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகம் வாடிவிட்டது.

காபியைக் குடித்துவிட்டு, "சரிங்க, நான் கெளம்பறேன்" என்று எழுந்தார். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. படி இறங்கித் தெருவுக்குப் போய், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பவில்லை.

வீட்டுக்குள் பட்டன் போன் அடித்தது.

பாப்பு பாய்ந்து எடுத்தாள். "அக்கா" என்றாள். என்னைத் தாண்டி, அவள் அப்பாவைத் தாண்டி, போனைக் காதில் அழுத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். "நீங்க போன்ல வேற மாதிரி இருந்தீங்களா, அதான் எனக்குப் பயமாப் போச்சு" என்று படியில் அவள் குரல் கேட்டது. தெருவில் கார்க் கண்ணாடிக்கு உள்ளே மேடம் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது காபியைக் கொண்டுபோய்க் காரிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை, கையை மட்டும் வெளியே நீட்டி வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் கார் நகர்ந்தது.

விருந்தாளி தெருவில் உட்கார்ந்து வீட்டோடு பேசிவிட்டுப் போன கதையை வீட்டுக்காரர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்து சொல்வார். எங்கள் வீட்டில் இருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மூன்றாமவர் "தெருவுக்குப் போயிப் போன் பண்ணு" என்பது இன்றும் வழக்கம்.

பாப்பு இப்போது பத்தாம் வகுப்பு. பாடத்துக்கு வீட்டில் பொதுவாக ஒரு பெரிய போன் இருக்கிறது. அவளுக்கென்று இன்னும் பட்டன் போன்தான். போன வாரம் ஏதோ மதிப்பெண் விஷயத்தில் இருவருக்கும் பேச்சு முற்றிவிட்டது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "ம்" கூட வரவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, கரண்ட் கம்பத்தடியில் நின்று அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள். மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், பக்கத்து இருக்கைக்காரி, கணக்கு வாத்தியார் என்று எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு சரசக்கா கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க சுமதி, இருட்டற நேரத்துல இங்க நின்னுட்டு ஆருகிட்டப் பேசறீங்க?"

"பாப்புகிட்டங்கக்கா."

"அவ எங்கீங்க போனா?"

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு மாடியைக் காட்டினேன். "ஊட்டுலதானுங்க இருக்கறா. கொஞ்ச நேரம் பேசாம இருங்கக்கா, இப்பத்தான் வாயத் தொறந்திருக்கறா."